மனிதா, கோபப்படாதே!

ஜேர்மனியில் வளர்ந்த எவருக்கும் ‘மென்ஷ் ஏர்கெரெ டிஷ் நிஹ்ட்’ பலகையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கூட்டல் குறி போல ஒரு பாதை, நாலு நிறம், நிறத்துக்கு நாலு காய், ஒரு பகடை. ஆறு விழுந்தால்தான் காய் வெளியே வரும். பின்னால் வருபவர் உங்கள் காய் நிற்கும் கட்டத்திலேயே வந்து இறங்கினால், உங்கள் காய் திரும்பவும் தொடங்கிய இடத்துக்குப் போகவேண்டும். பெயரின் பொருள் ‘மனிதா, கோபப்படாதே’. சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்ற விளையாட்டு என்றுதான் இதைச் சொல்வார்கள். நாலு வயதுப் பிள்ளையோடு விளையாடிப் பாருங்கள்: எண்ணும், காய் நகர்த்தும், பகடையைச் சோபாவுக்கு அடியில் உருட்டியும் விடும். கோபப்படாமல் இருப்பது ஒன்றுதான் அதற்கு முடியாது.

என் அக்காவின் மகளுக்கு நாலரை வயது. அவளோடு எதை விளையாடலாம் என்று தேடியபோது, பெட்டியில் அச்சிட்டிருக்கும் வயது எனக்குப் போதுமானதாக இருக்கவில்லை. இந்த விளையாட்டை யார், எவருக்காகச் செய்தார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன்.

மென்ஷ் விளையாட்டைச் செய்தவர் யோசெப் ஃபிரீட்ரிஷ் ஷ்மிட். 1907-08 குளிர்காலத்தில், மியூனிக் நகரில், வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த தன் பிள்ளைகளுக்காகச் செய்தார். 1914 இல் அதைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கினார். அதே ஆண்டு முதலாம் உலகப்போர் வெடித்தது. ஷ்மிட் 3,000 பெட்டிகளை இராணுவ மருத்துவமனைகளுக்கு இலவசமாக அனுப்பினார். காயப்பட்டுக் கட்டிலில் கிடந்த சிப்பாய்கள் விளையாடினார்கள். போர் முடிந்து வீடு திரும்பியபோது விளையாட்டும் அவர்களோடு வீடுகளுக்குள் போனது. 1920 அளவில் பத்து இலட்சம் பெட்டிகள் விற்றிருந்தன. காயப்பட்ட மனிதனுக்கு ‘கோபப்படாதே’ என்று சொல்லும் ஒரு பெட்டி! இது திட்டமிட்டதா தற்செயலா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

ஆனால் ஷ்மிட் இதை வெறுமையிலிருந்து உருவாக்கவில்லை. இங்கிலாந்தில் 1896 இல் காப்புரிமை பெற்ற லூடோ அவருக்கு முன்பே இருந்தது. லூடோவுக்கு முன்னால் இந்தியாவின் பச்சீசி. சோழிகளை வீசிப் பெறும் 25 என்ற எண்தான் ஹிந்தியில் அதன் பெயர். ஃபத்தேபூர் சிக்ரி அரண்மனை முற்றத்தில் கல்லிலேயே பதித்த பச்சீசிப் பலகையை இன்றும் பார்க்கலாம். அக்பர் அதில் உயிருள்ள மனிதர்களையே காய்களாக நகர்த்தினார் என்று கதை சொல்வார்கள். நம் வீடுகளில் விளையாடும் தாயமும் பச்சீசிக்குச் சொந்தம்தான்.

பச்சீசி கப்பலேறி ஐரோப்பாவுக்கு வந்தபோது சில பொருட்கள் வழியில் மாறிவிட்டன. சோழி போய்ப் பகடை வந்தது. துணிப் பலகை போய் அட்டை வந்தது. இவை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வேறு இரண்டு இழப்புகள்தான் நாலரை வயதுக்காரியைப் பாதிக்கின்றன.

முதலாவது, பாதுகாப்பான கட்டம். பச்சீசியில் குறுக்குக்கோடு போட்ட கட்டங்கள் உண்டு. அங்கே நிற்கும் காயை வெட்ட முடியாது. தாயத்திலும் அப்படித்தான். ஷ்மிட்டின் பாதையில் நின்று மூச்சுவிட அப்படி ஒரு கட்டம் கிடையாது.

இரண்டாவது இழப்பைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பச்சீசியில் நாலு பேரும் நாலு எதிரிகள் அல்ல. எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள், இருவர் கொண்ட இரண்டு அணிகள். என் காய்கள் எல்லாம் வீடு சேர்ந்துவிட்டால் மட்டும் நான் வென்றவள் இல்லை. என் கூட்டாளியின் காய்களும் வந்து சேரவேண்டும். அதனால் முந்திப்போனவர் அவசரப்பட்டு வீட்டுக்குள் நுழையாமல், பின்தங்கியவருக்கு உதவியாக வெளியே நிற்பதும் உண்டு. மென்ஷ் விளையாட்டில் அவரவர் தனித்தனி. பக்கத்தில் இருப்பது தாயாக இருந்தாலும் வெட்டவேண்டியதுதான்.

பாம்பும் ஏணியும் இதற்கு மாற்றாகுமா என்று கேட்பீர்கள். நம் பரமபதத்தின் பேரப்பிள்ளை அது. மூன்று வயதில் எண்ணப் பழக நல்லது. ஆனால் அதில் பிள்ளை முடிவெடுப்பதற்கு ஒன்றுமே இல்லை, பகடை சொன்னதைச் செய்யவேண்டியதுதான். ஆறு வயதில் சலித்துவிடும். எனக்கு இப்போதே சலித்துவிட்டது.

அமெரிக்காவின் ‘கண்டி லாண்ட்’ கதை வேறு. 1948 இல் சான் டியேகோவில் எலனோர் அபொட் என்ற ஆசிரியை போலியோ நோயோடு மருத்துவமனையில் இருந்தார். அதே நோயோடு அங்கே கிடந்த சிறுவர்களுக்காக இதை உருவாக்கினார். வாசிக்கத் தெரியவேண்டாம், எண்ணத் தெரியவேண்டாம். அட்டையை எடு, அந்த நிறம் உள்ள இடத்துக்குப் போ. 1949 இல் கடைக்கு வந்தது. முதற் பதிப்பின் பலகையில் வரைந்திருக்கும் பையனின் காலைக் கவனித்தால், நோயாளிகள் அணியும் கால்தாங்கி போல ஒரு கோடு தெரியும். நடக்க முடியாத பிள்ளை நடந்துபோக ஒரு பாதை! மூன்று வயதுப் பிள்ளைக்கு நான் தயங்காமல் கொடுப்பேன்.

1986 இல் ஜேர்மனியின் ஹாபா நிறுவனம் ‘ஒப்ஸ்ற்கார்ட்டன்’ என்ற பழத்தோட்ட விளையாட்டைக் கொண்டுவந்தது. காகம் வருவதற்குள் எல்லோரும் சேர்ந்து மரங்களில் உள்ள பழங்களைப் பறித்துவிடவேண்டும். தோற்றால் எல்லோரும் காகத்திடம் தோற்கிறோம். அழுவதற்குத் துணை இருக்கிறது. கூட்டாளியைத் திரும்பவும் மேசைக்குக் கொண்டுவந்ததற்காக எனக்கு இதைப் பிடிக்கும்.

ஆனால் எங்கள் வீட்டில் புதுப்பெட்டி வாங்கவில்லை. பழைய மென்ஷ் பலகையையே எடுத்து, பச்சீசியின் விதியைத் திரும்பப் போட்டோம். அம்மம்மாவும் சின்னவளும் ஒரு அணி, அக்காவும் நானும் மற்ற அணி. ஆளுக்கு இரண்டே காய்; நாலு வைத்தால் சின்னவர்களின் பொறுமை பாதி வழியில் தீர்ந்துவிடும். பக்கத்துக்கு ஒரு கட்டத்தில் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டோம். பகடைக்குப் பதிலாக அம்மம்மா தன் தாயக்கட்டைகளைக் கொண்டுவந்தா. நீளமான இரண்டு பித்தளைக் கட்டைகள்; இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. காய் வெளியே வர ஆறு வேண்டாம், தாயம் வேண்டும். தாயம் என்றால் ஒன்று.

சின்னவளுக்குத் தமிழ் விளங்கும், ஆனால் பதில் வருவது ஜேர்மன் மொழியில். அம்மம்மாவுக்கு ஜேர்மன் மொழியில் கடைக்குப் போய்வரும் அளவுதான் தெரியும். எதிரெதிரே அமர்ந்து இருவரும் ஒரே வெற்றிக்காக விளையாடும்போது, அம்மம்மா என்ன சொல்லுகிறா என்று அவளுக்குத் தெரிந்தே ஆகவேண்டும். ‘அதை எடுக்காதே, இதை எடு. இன்னும் மூன்று.’ மொழி வகுப்பில் இதைவிட அவசரமான தமிழ் வசனம் கிடைக்காது.

காய் வெட்டுப்பட்டால் அவள் இப்போதும் அழுகிறாள். ஆனால் அழுதபடியே அம்மம்மாவின் காய் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்க்கிறாள். உங்கள் வீட்டில் நாலு பேர் சேரவில்லையென்றால், சின்னவரைப் பெரியவரோடு ஒரே நிறத்தில் சேர்த்துவிடுங்கள்: கட்டையை உருட்டுவது சின்னவர், எந்தக் காய் என்று முடிவுசெய்வது இருவரும். அதற்குப் பெட்டி எதுவும் வாங்கத் தேவையில்லை. தரையில் சோக்கட்டியால் கீறினாலும் காணும்.