செரோக்கி எழுத்தும் கணினி எண்ணும்

இன்னார் படைத்தார் என்று ஒருவரைச் சுட்டிக் காட்டத்தக்க எழுத்துகள் உலகில் மிகச் சிலவே. வட அமெரிக்கத் தொல்குடியினராகிய செரோக்கியரின் எழுத்து அவற்றுள் ஒன்று. அதனைப் படைத்த செக்கோயா வெள்ளி வேலை செய்பவர். ஆங்கிலம் படிக்க அறியாதவர். வெள்ளையர் தாளில் வரைந்த கோடுகள் பேசுவதைக் கண்டு, தம் மொழிக்கும் அஃது ஒன்று வேண்டுமென ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தார். சொல்லுக்கு ஒரு குறியெனத் தொடங்கி, அது முடிவின்றி நீள்வதுணர்ந்து, அசைக்கு ஒரு குறி என்னும் நெறிக்கு வந்தார். 1821-இல் 86 எழுத்துகள் நிறைவுற்றன. முதலிற் கற்றவர் அவர்தம் சிறுமகள் அயோக்கா என்பர்.

நம் எழுத்தில் ‘க’வும் ‘கி’யும் உடன்பிறந்தவை என்பதைக் கண்ணே சொல்லும். செரோக்கியில் அவ்வுறவு இல்லை. ஒவ்வோர் அசைக்கும் தனி வடிவம். ஆங்கில நூல்களிற் கண்ட வடிவங்கள் சிலவற்றையும் செக்கோயா எடுத்தாண்டார். ஆனால் ஒலியை விட்டுவிட்டார்! ஆங்கில ‘டி’ போன்றது அங்கே ‘அ’. ‘ஆர்’ போன்றது ‘எ’. ‘எச்’ போன்றது ‘மி’.

பாஸ்டன் நகரில் இவ்வெழுத்துகளுக்கு அச்சு வார்க்கப்பெற்று, 1828 பிப்ரவரி 21 அன்று ‘செரோக்கி பீனிக்ஸ்’ இதழ் நியூ எக்கோட்டாவில் வெளிவந்தது. 1835-இல் ஜார்ஜியக் காவற்படை அவ்வச்சகத்தைப் பறித்தது. 1838–39-இல் அம்மக்கள் தாயகத்தினின்று இன்றைய ஒக்லகோமாவிற்கு வலிந்து துரத்தப்பட்டனர். வழியிலும் முகாம்களிலும் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர் என்று மதிப்பிடுவர். எழுத்து மாளவில்லை. 1844-இலேயே தாலெக்குவாவில் மற்றோர் இதழ் தோன்றியது.

கணினிக் காலத்தில் வேறோர் இடர் வந்தது. கணினி வடிவத்தை அறியாது. எழுத்துக்குரிய எண்ணையே அறியும். தமக்கென எண் இல்லாதபோது, ஆங்கில எழுத்துகளின் எண்கள்மேல் செரோக்கி வடிவங்களைப் போர்த்தி எழுதினர். அவ்வெழுத்துரு இல்லாத கணினிக்குச் சென்றதும் போர்வை விலகி, பொருளற்ற ஆங்கிலக் குவியலே எஞ்சும். ஊரிலிருந்து வந்த தமிழ் மின்னஞ்சலை முன்னாளில் இவ்வாறு கண்டு திகைத்தவர் நம்முள்ளும் பலர்.

1999-இல் ஒருங்குறியின் 3.0 பதிப்பு, வழக்கிலிருந்த 85 எழுத்துகளுக்கும் தனி எண் அளித்தது. ‘டி’ போன்ற வடிவத்திற்கு ஆங்கில ‘டி’யின் எண்ணே போதாதோ எனில், போதாது. அகரவரிசை, தேடல் யாவும் எழுத்து இன்னதென்பதைப் பற்றியன. தோற்றத்தைப் பற்றியன அல்ல. 2010-இல் ஐபோனிலும் இவ்வெழுத்து ஏறியது. மொழியைச் சரளமாகப் பேசுவோர் பெரும்பாலும் முதியோராகிவிட்ட நிலையில், பிள்ளைகள் தம் எழுத்திலேயே செய்தி விடுக்க வழி பிறந்தது சிறிய செயலன்று.

ஆயினும் ஒரு சிக்கல் எஞ்சியது. பழைய அச்சு நூல்களில் வாக்கியத் தொடக்கத்தில் அதே வடிவம் பெரிதாக நிற்கும். 1999-இல் இவ்வேறுபாடு கணக்கில் வரவில்லை. ஒருமுறை தந்த எண்ணை மாற்றலாகாது என்பது ஒருங்குறியின் விதி. எனவே 2015-இல் 8.0 பதிப்பில், முன்னிருந்தவற்றைப் பெரிய எழுத்துகளாக்கி, சிறியவற்றுக்குப் புது எண்கள் தந்தனர். வழக்கிழந்த 86-ஆம் எழுத்தும் அப்போது இடம்பெற்றது. பெரிது சிறிது பாராது சொற்களை ஒப்பிடுகையில், ஆங்கிலத்திற் பெரியது சிறியதாக மாறும். செரோக்கியிலோ சிறியது பெரியதாக மாறும். 2015-க்கு முன் எழுதி வைத்த செரோக்கிச் சொல்லொன்றை இன்று சிறிய எழுத்தில் தேடினும் கிடைப்பது இவ்வேற்பாட்டினாலேயே.