கருணைக் கொலை

தீராத நோயாலும் தாங்கொணாத வேதனையாலும் பீடிக்கப்பட்ட ஒருவரை, அவருடைய நலத்தையே கருதி மரணமடையச் செய்வதும், மரணமடைய விடுவதும் கருணைக் கொலை எனப்படும். மருந்தைச் செலுத்திப் பிராணனைப் போக்குவது ஒரு வகை. சுவாசக் கருவி முதலியவற்றால் உயிரை நீட்டிக்கும் சிகிச்சையை நிறுத்திக்கொள்வது மற்றொரு வகை. நெதர்லாந்தில் 2002 முதல் முன்னதும் சட்டசம்மதம் பெற்றுள்ளது. இந்தியாவில் பின்னதற்கு மட்டுமே, அதுவும் நெடிய தயக்கத்துக்குப் பின்பே, அங்கீகாரம் கிடைத்தது.

அதற்குக் காரணமான வழக்கு விசித்திரமானது. பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் நர்ஸாக இருந்த அருணா சான்பாக், 1973 நவம்பர் 27 அன்று, அங்கேயே வேலைபார்த்த துப்புரவுப் பணியாளன் ஒருவனால் நாய்ச் சங்கிலியால் கழுத்து நெரிக்கப்பட்டுப் பலாத்காரத்துக்கும் உள்ளாகி, மூளைக்குப் பிராணவாயு எட்டாமையால் தன்னினைவு இழந்து படுக்கையில் வீழ்ந்தார். குற்றவாளி ஏழாண்டுத் தண்டனையை முடித்து வெளியேறிவிட்டான். அருணாவோ நாற்பத்தொரு ஆண்டுகளுக்கு மேல் அந்த மருத்துவமனையிலேயே கிடந்தார். ஒரு தலைமுறை நர்ஸுகள் ஓய்வு பெற மறு தலைமுறையினர் வந்து, உணவைக் குழைத்து ஊட்டி, உடலைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, படுக்கைப்புண் வராமல் காத்தார்கள்.

பத்திரிகையாளர் பிங்கி விரானி, இந்த நிலையை வாழ்வென்று கொள்வதற்கில்லை என்றும் உணவூட்டலை நிறுத்த வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றத்தை நாடினார். மூன்று மருத்துவர்களை அனுப்பிப் பரிசோதித்த பின், நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, கியான் சுதா மிஸ்ரா ஆகியோர் 2011 மார்ச் 7 அன்று மனுவைத் தள்ளுபடி செய்தனர். அருணாவின் சார்பில் பேசத்தக்கவர்கள் அவரைப் பேணி வந்த மருத்துவமனை ஊழியர்களே, அவர்களோ அவர் உயிரோடு இருப்பதையே விரும்புகிறார்கள் என்பது தீர்ப்பின் நியாயம். ஆயினும் அதே தீர்ப்பு, உயர் நீதிமன்ற அனுமதியுடன் சிகிச்சையை நிறுத்தலாம் என்று பிறருக்கு வழி திறந்தது. அருணா 2015 மே 18 அன்று நிமோனியாவால் காலமானார்.

பணிவிடை செய்தவருக்கே பேசும் உரிமை என்ற கோட்பாடு மனத்துக்கு உகந்ததே; எனினும் அருணா எதை விரும்பியிருப்பார் என்பதை இருதரப்பாரும் அறியார் என்பதே உண்மை. நோயாளியின் சம்மதமற்ற கருணை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தமிழகத்தின் தென் மாவட்டங்களில் வழங்கிவந்த தலைக்கூத்தல் சாட்சி. முதியவருக்குத் தலை நிறைய எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரைத் தொடர்ந்து புகட்டிச் சாகவிடும் இவ்வழக்கத்தில், இரக்கத்தையும் பராமரிப்புச் சுமையின் சலிப்பையும் பிரித்துக் காண்பது எளிதன்று. முதியவரின் சம்மதத்தைக் கேட்போரும் அரியர்.

இந்தக் குறையை நீக்கவே, 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் வாழ்வுரிமையில் அடங்கும் எனக் கூறி, நினைவு தெளிந்திருக்கும்போதே தன் விருப்பத்தை எழுதிவைக்கும் முன்பத்திரத்துக்கு இடமளித்தது. மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் வேண்டும் என்ற கடினமான நிபந்தனையால் அது பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. 2023 ஜனவரியில் நோட்டரியோ கெஜட் பதிவுபெற்ற அதிகாரியோ சான்றளித்தால் போதுமென்று விதி தளர்த்தப்பட்டது. ஆனால் விஷ ஊசி போட்டு உயிரைப் போக்குவது, நோயாளியே இரந்து கேட்டாலும், இந்தியச் சட்டத்தின்படி இன்றும் குற்றமே.