குதிர் செய்த கைகள்

‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ என்ற பழமொழி புதுச்சேரியில் என் மாணவிகளுக்குத் தெரியும். குதிர் எப்படியிருக்கும் என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

களிமண்ணில் வைக்கோல் பிசைந்து, உறை உறையாகக் காயவைத்து அடுக்கிச் சாணம் மெழுகிய நெற்கூடு அது. பல ஊர்களில் அதைச் செய்தவர்கள் பெண்களே. அடுத்த அறுவடைவரை நெல் வருமா என்று கணக்குப் பார்த்தவர்களும் அவர்களே.

பாபநாசம் அருகே திருப்பாலைத்துறையில், நாயக்கர் காலத்தில் கோயில் நெல்லுக்காகக் கட்டிய 3,000 கலக் களஞ்சியத்தைத் தொல்லியல் துறை காக்கிறது. இங்கே பிரெஞ்சுக்கார வீடுகளுக்குப் பாரம்பரியப் பட்டியல் உண்டு. பாகூர் வயலோர வீடுகளின் குதிருக்கு எந்தப் பட்டியலும் இல்லை.

மண் கரையும், செய்முறை கரைய வேண்டியதில்லை. செய்யத் தெரிந்த பாட்டிகளிடம் இன்றே கேட்டு, அவர்கள் பெயரோடு எழுதி வைப்போம்.