பாரிஸ் நகரில் அடுப்பு மூட்டியவர்கள்

பிழைப்பை நாடிப் புதிய நகரில் வந்திறங்குபவன், வேலையைத் தேடுமுன் சோறு கிடைக்கும் இடத்தைத் தேடுகிறான். தமிழகத்துக்கு வெளியே வாழும் நம் குடும்பங்களில் மூத்தவர்கள் எவரைக் கேட்டாலும், தாம் முதன்முதலில் உண்ட மெஸ் இருந்த தெருவையும், அங்குக் கிடைத்த ரசத்தின் மணத்தையும் மறவாமல் சொல்வார்கள். ஒரு நகரின் வரலாற்றை அரண்மனைகளையும் போர்களையும் கொண்டு எழுதுவது வழக்கம். அந்நகரத்தார் அன்றாடம் பசியாறிய இடங்களைக் கொண்டும் அதனை எழுதலாம். அவ்வாறு எழுதினால், ஏட்டில் இடம்பெறாத பலர் அதில் வந்து நிற்பார்கள்.

பாரிஸ் என்றவுடன் தெருவோரக் காப்பிக் கடையும், அதன் சிறிய வட்ட மேசையும், அங்கமர்ந்து பேசும் எழுத்தாளர்களும் நம் நினைவுக்கு வருகின்றனர். பிரெஞ்சு நாகரிகத்தின் அடையாளம் என உலகம் போற்றும் இவ்விடங்களை உண்டாக்கியவர் யார் என வினவினால், விடை வியப்பளிக்கிறது. அவர்களுள் பெரும்பாலோர் வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சிறிது காண்போம்.

காப்பி வந்த வழி

1669-இல் பதினான்காம் லூயி மன்னரிடம் உதுமானியப் பேரரசின் தூதராகச் சுலைமான் ஆகா என்பவர் வந்தார். தம்மைக் காண வந்த பிரபுக்களுக்கும் சீமாட்டிகளுக்கும் அவர் காப்பி வழங்கினார். அதுமுதல் அப்பானம் மேட்டுக்குடியினரிடையே புதுமோகமாகப் பரவிற்று. 1672-இல் சேன்-ஜெர்மேன் சந்தையில் பாஸ்கல் என்னும் ஆர்மீனியர் பொதுமக்களுக்குக் காப்பி விற்கும் கடை ஒன்றைத் திறந்தார். அவர் தொழில் அங்கு நெடுநாள் நிலைக்கவில்லை.

நிலைத்த கடையை நிறுவியவர் சிசிலித் தீவினரான புரோகோப்பியோ. 1686-இல் அவர் தொடங்கிய காப்பி இல்லத்தில் சுவர்க் கண்ணாடிகளும் சலவைக்கல் மேசைகளும் இருந்தன. 1689-இல் அதன் எதிரிலேயே பிரெஞ்சு நாடக அரங்கம் வந்தமைந்தது அவருக்குப் பெரும்பேறாயிற்று. நாடகம் கண்டவர்கள் அங்கு வந்து அதனைப் பற்றி வாதிட்டனர். அடுத்த நூற்றாண்டில் வால்த்தேர், திதரோ போன்ற அறிஞர்கள் அங்கு வந்து சென்றதாகக் கூறுவர். இடையில் பல ஆண்டுகள் மூடிக்கிடந்த போதிலும், 'புரோகோப்' என்னும் அதே பெயரில் அவ்விடத்தில் இன்றும் உணவகம் நடைபெறுகிறது. பிரெஞ்சு அறிவுலகம் கூடிப் பேசுவதற்கு இடமமைத்துக் கொடுத்தவர் ஓர் இத்தாலிய மொழியாளர் என்பது எண்ணத்தக்கது.

சாறு விற்ற கதை

'ரெஸ்டாரண்ட்' என்ற சொல் முதலில் ஒரு கடையைக் குறிக்கவில்லை. உடல் தளர்ந்தவர்க்குத் தெம்பூட்டும் இறைச்சிச் சாற்றுக்கே அப்பெயர் வழங்கிற்று. 1760-களில் அச்சாற்றை விற்ற இடங்கள் நாளடைவில் அச்சொல்லையே தம் பெயராகக் கொண்டன. 1789-இல் புரட்சி வெடித்தபின், வேலையிழந்த பிரபுக்களின் சமையற்காரர் சிலர் தாமே உணவகம் திறந்தனர். ஆயினும் அவை செல்வர்க்கே உரியனவாய் இருந்தன.

உழைப்பாளியின் பசியை எண்ணியவர் துவால் என்னும் கசாப்புக் கடைக்காரர். ஏறத்தாழ 1855-இல், எளிதில் விலைபோகாத இறைச்சித் துண்டுகளை வேகவைத்து, அவ்விறைச்சியையும் சாற்றையும் குறைந்த விலைக்கு விற்கத் தொடங்கினார். சாறு எனப் பொருள்படும் 'பூயோன்' என்னும் சொல்லே அத்தகைய உணவகங்களுக்குப் பெயராயிற்று. விலை முன்னரே அறிவிக்கப்பட்டது. இடம் துப்புரவாக இருந்தது. வெண்ணிற மேலாடை அணிந்த பெண்கள் பரிமாறினர். கையில் சில்லறை மட்டுமே உடையவனும் தலைநிமிர்ந்து உண்ணலாம் என்ற நிலை இவ்வாறு வந்தது.

அவ்வழியில் 1896-இல் தோன்றிய ஷார்த்தியே உணவகம் இன்றும் அதே கூடத்தில் நடைபெறுகிறது. பாரிஸ் செல்லும் அன்பர்கள் காணவேண்டிய இடம் அது. அங்கு முன்பதிவு கிடையாது. வரிசையில் நின்றே உட்செல்ல வேண்டும். முன்பின் அறியாதவருடன் ஒரே மேசையில் அமர நேரும். பரிமாறுபவர் மேசைமீது விரித்த தாளிலேயே நாம் கேட்டதை எழுதி, அதிலேயே கணக்கையும் கூட்டுவார். பழைய வாடிக்கையாளர்கள் தத்தம் கைத்துணியை வைத்துச் செல்வதற்கென எண்ணிட்ட சிறு இழுப்பறைகள் சுவரோரம் இருக்கின்றன. மாதக் கணக்கு வைத்து மெஸ்ஸில் உண்டவர்களுக்கு அவற்றின் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை.

எல்லை மாறியவர்கள்

பீர் வடிக்கும் சாலைக்கு பிரெஞ்சில் 'பிராசரி' என்று பெயர். அச்சொல் உணவகத்தைக் குறிக்கலானது பெரும்பாலும் அல்சாஸ் நாட்டவரால். கொல்மார் ஊரினரான போபிங்கர் 1864-இல் பஸ்தீய் சதுக்கத்தின் அருகே ஒரு பிராசரியைத் தொடங்கினார். 1870-71 போரில் பிரான்சு தோற்று, அல்சாஸ் ஜெர்மனியின் வசமானது. பிரெஞ்சுக் குடிகளாகவே இருக்க விரும்பிய பலர் ஊரையும் உறவையும் விட்டுப் பாரிசுக்கு வந்தனர். அவர்களுடன் பீரும், புளிக்க வைத்த முட்டைக்கோசு உணவும் நகரெங்கும் பரவின. 1880-இல் லிப் என்பவர் சேன்-ஜெர்மேன் பகுதியில் திறந்த கடைக்கு 'ரைன் நதிக்கரை' எனப் பெயரிட்டார். இழந்த நாட்டின் ஆற்றைக் கடையின் பெயர்ப்பலகையிலேனும் அவர் வைத்துக்கொண்டார் எனலாம்.

கரிமூட்டை சுமந்தவர்கள்

இவர்கள் அனைவரினும் மிகுதியாகப் பாரிசின் சிறு கடைகளை உருவாக்கியவர்கள், நடுப் பிரான்சின் வறண்ட மலைநாட்டிலிருந்து வந்த ஒவெர்ன் மக்களே. அவெரோன், கந்தால், லொசேர் எனப் பல பகுதிகளிலிருந்து அவர்கள் வந்த போதிலும், பாரிஸ் நகரத்தார் எல்லோரையும் ஒவெர்ன்காரர் என்றே அழைத்தனர். வடநாட்டில் தென்னாட்டவர் அனைவரும் 'மதராசி' ஆனதை அறிந்த நமக்கு இது புதிதன்று.

அவர்கள் முதலில் மேற்கொண்ட தொழில் தண்ணீர் சுமப்பது. தோளில் இரண்டு வாளிகளைத் தாங்கி மாடி மாடியாக ஏறினர்; மாடிகளுக்குக் குளியல் வெந்நீரும் சுமந்தனர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வீடுகளுக்குக் குழாய் வந்ததும் அத்தொழில் நலிந்தது. அதே தோள்கள் விறகும் கரியும் சுமக்கலாயின. கணவன் கரிமூட்டையுடன் வெளியே செல்ல, மனைவி கடையில் இருந்தாள். கரிக்குச் சொல்லிவைக்க வந்தவர்க்கு ஒரு கோப்பை மது ஊற்றிக் கொடுத்தாள். நாளடைவில் ஒருபுறம் கரியும் மறுபுறம் மதுவும் விற்கும் கடைகள் தெருவுக்குத் தெரு தோன்றின. 'மதுவும் கரியும்' என்றே அவற்றின் பலகைகளில் எழுதியிருந்தது. நகரத்தார் இக்கடைக்காரனைப் 'பூஞா' என்று ஏளனமாக அழைத்தனர். கரிபடிந்த முகமும் கொச்சைப் பேச்சும் மேடையில் நகைச்சுவைக்குப் பொருளாயின.

ஏளனத்தைப் பொருட்படுத்தாது அவர்கள் காசு சேர்த்தனர். ஊரிலிருந்து தம்பியையும் மருமகனையும் வரவழைத்துத் தொழில் பழக்கினர். கரி மறைந்தது, மதுமேடை வளர்ந்து காப்பிக் கடையாயிற்று. லிப் நிறுவிய பிராசரியை 1920-இல் விலைக்கு வாங்கிய மார்செலென் காஸ் அவெரோன் பகுதியினர். 1935-இல் அவர் தம் பெயரால் இலக்கியப் பரிசு ஒன்றையும் ஏற்படுத்தினார். 1939-இல் 'கபே த பிளோர்' என்னும் கடையை வாங்கிய பூபாலும் ஒவெர்ன்காரரே. ஜெர்மானியர் பாரிசைப் பிடித்திருந்த கொடிய குளிர்காலங்களில், சார்த்தரும் சிமோன் த பொவுவாரும் அக்கடையில் நாள்முழுதும் அமர்ந்து எழுதினர். அவர்களை அங்கு ஈர்த்தது பூபால் அமைத்திருந்த பெரிய கணப்படுப்பின் வெப்பம். தத்துவ நூல்களில் அந்தக் கணப்படுப்புக்கு இடமில்லை; அது மூட்டப்படாதிருந்தால் அந்த எழுத்தும் அங்கு நடந்திராது.

ஓர் இதழின் கதை

ஒவெர்ன் மக்கள் தம்மைச் சங்கமாகவும் திரட்டிக்கொண்டனர். 1882-இல் லூயி போனே என்பவர் 'பாரிசின் ஒவெர்ன்காரர்' எனப் பொருள்படும் பெயரில் ஓர் இதழைத் தொடங்கினார். ஊர்ச் செய்தி, திருமணச் செய்தி, விற்பனைக்குள்ள கடைகள் ஆகியன அதில் வெளிவந்தன. அவர் முயற்சியால் சொந்த ஊர் சென்றுவரக் குறைந்த கட்டணத்தில் சிறப்பு ரயில்களும் ஓடின. ஆட்டுத்தோல் பை கட்டிய அவர்களுடைய ஊதுகருவியின் இசைக்கு, கடையின் பின்கட்டில் ஆடினர். இத்தாலியர் கொணர்ந்த அக்கார்டியன் பின்னர் அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது.

இவ்வளவும் செய்த அம்மக்களிடம் நிலைக்காது போனது அவர்தம் மொழி. ஊரில் அவர்கள் பேசியது ஒக்சித்தான் மொழியின் கிளை. பள்ளிகளில் அதற்கு இடமில்லை. நகரிலோ அது கேலிக்குரியது. பிள்ளைகள் பிரெஞ்சு பேசினர். பேரர்கள் பிரெஞ்சு மட்டுமே பேசினர். ஒரு மக்களின் உறவைக் காக்கப் பிறந்த அந்த இதழும், பிற்காலத்தில் காப்பிக் கடை, உணவு விடுதித் தொழிலுக்குரிய இதழாக மாறிற்று. தொழில் வென்றது; பெயர் எஞ்சியது; பேச்சு ஓய்ந்தது.

பின்வந்தோர்

ஒவெர்ன்காரர் விட்ட கடைகள் பலவற்றை 20-ஆம் நூற்றாண்டில் அல்ஜீரியாவின் காபில் மலைநாட்டவர் ஏற்றனர். கீழே கடை, மேலே தங்குமிடம் என்றமைந்த அவை, தனியே வந்த தொழிலாளர்க்கு வீடாகவும், ஊர்க்கடிதம் வந்து சேரும் முகவரியாகவும் விளங்கின.

அவர்களுக்குப் பின் நம்மவரும் அவ்வரிசையில் சேர்ந்தனர். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற புதுச்சேரித் தமிழர் முன்னரே அங்கு வாழ்ந்தனர். 1983-க்குப் பின் ஈழத்துத் தமிழர் பெருந்தொகையினராய் அடைக்கலம் புகுந்தனர். பெயர்பெற்ற உணவகங்களின் பின்கட்டில் பாத்திரம் கழுவுவதே பலருக்கு முதல் வேலையாயிற்று. கழுவியவர் காய் நறுக்கினார். நறுக்கியவர் பிரெஞ்சுச் சமையல் கற்றார். வட ரயில் நிலையத்தை அடுத்த லா ஷப்பேல் பகுதியில் இன்று தமிழ்ப் பெயர்ப்பலகைகளின் கீழ் இடியாப்பமும் கொத்துரொட்டியும் கிடைக்கின்றன. 2023-இல் பாரிசின் மிகச் சிறந்த 'பகெத்' ரொட்டிக்கான நகரப் பரிசை வென்றவர் தர்ஷன் செல்வராஜா என்னும் ஈழத்தில் பிறந்த தமிழர். குடியரசுத் தலைவரின் மாளிகைக்கு ஓராண்டு ரொட்டி வழங்கும் உரிமையும் அப்பரிசுடன் சேர்ந்தது.

இது கேட்டு நாம் மகிழ்கிறோம், மகிழ்வது முறையே. புகுந்த ஊரின் உணவை அவ்வூராரினும் நன்றாகச் செய்து காட்டுவது வெற்றியே. ஆயினும் ஒவெர்ன் மக்களும் அவ்வெற்றியைப் பெற்றவர்களே என்பதை மறத்தல் ஆகாது. கடையைக் காத்தவர்கள், கடையின் பின்கட்டில் பேசிய மொழியைக் காக்கத் தவறினர். நம் சங்கங்களும் தமிழ் வகுப்பு நடத்துகின்றன, மலர் வெளியிடுகின்றன, பொங்கலன்று கூடி உண்கின்றன. பொங்கலுக்கு வரும் கூட்டம் வகுப்புக்கு வருவதில்லை என்பதை நாம் அனைவரும் அறிவோம். நாவின் சுவை தானே பிள்ளைகளுக்கு இறங்கிவிடும். நாவின் மொழியை நாம்தான் நாள்தோறும் பரிமாற வேண்டும். இம்மலரை நம் பேரர்கள் கையில் எடுக்கும் நாளில், படங்களை மட்டும் பார்த்து மூடி வைக்காதிருக்கும்படி செய்வது நம் பொறுப்பு.