கட்லாவுக்குப் போட்ட ஊசி

திருவானைக்கோவில்ல இருந்து வந்த ஒரு அம்மா கேட்டாங்க: "டாக்டர், கட்லாவுக்கு ஹார்மோன் ஊசி போடுறாங்களாமே? பொண்ணுக்கு ஒன்பது வயசு. சீக்கிரம் வயசுக்கு வந்துடுவாளோன்னு மீன் குடுக்குறதையே நிறுத்திட்டேன்." வாட்ஸ்அப் வீடியோ செஞ்ச வேலை.

ஊசி போடுறது உண்மை. ஆனா எந்த மீனுக்கு, எதுக்கு? அதை வீடியோ சொல்லல. கொஞ்சம் பழைய கதை, பொறுமையா படிங்க.

ஆடிப்பெருக்குக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில காவிரியைக் கர்ப்பிணியா நினைச்சு சித்ரான்னம் படைக்கிறோம் இல்லையா? ஆத்துக் கெண்டைகளுக்கும் பிள்ளைப்பேறு காலம் ஏறக்குறைய அதேதான். மழையும் புதுவெள்ளமும் வந்தாத்தான் முட்டை விடும்.

இன்னிக்கு உறையூர் மீன் மார்க்கெட்ல குவிஞ்சு கிடக்கிற கட்லா, ரோகு எல்லாம் பூர்வீகத்துல கங்கைப் பக்கத்து மீன்கள். குளத்துல விட்டா நல்லா வளரும், சினையும் பிடிக்கும். ஆனா முட்டையை மட்டும் வெளியே விடாது. அதனால வருஷா வருஷம் வெள்ளத்துல ஆத்துல இறங்கி குஞ்சு பிடிச்சாங்க. அதுல மத்த குஞ்சுகளைத் தின்கிற மீனோட குஞ்சும் கலந்திருக்கும்!

குளத்துல என்ன குறை? மூளைக்கு அடியில தொங்குற பிட்யூட்டரி சுரப்பி. வெள்ளம் வந்துடுச்சுன்னு மூளை சொன்னாத்தான் அது கடைசிக் கட்டளையைக் கொடுக்கும். குளத்துல வெள்ளம் ஏது?

1930-ல அர்ஜென்டினாவுல உசே என்கிற மருத்துவர் (பின்னாடி நோபல் வாங்கினவர்) மீனோட பிட்யூட்டரியை இன்னொரு மீனுக்குச் செலுத்திப் பார்த்தார். நம்ம நாட்டுல 1957 ஜூலை 10, ஒடிசாவுல ஹீராலால் சௌத்ரியும் அலிகுஞ்ஞியும் ஒரு கெண்டையை இப்படியே முட்டையிட வெச்சாங்க. சின்ன மீன்தான், நம்ம காவிரியிலயும் இருக்கிற இனம். ரோகு, மிர்கால் பின்னாடியே வந்துச்சு. இன்னிக்கு ஜூலை 10 தேசிய மீன் வளர்ப்போர் தினம்.

செத்த மீனோட மண்டையைத் திறந்து, அரிசியை விடச் சின்ன சுரப்பியை எடுத்து, ஆல்கஹால்ல போட்டு வெச்சு, அரைச்சு, தெளிவை தாய் மீனோட சதையில ஏத்துவாங்க. அவ்வளவுதான் டெக்னாலஜி. அடுத்த வருஷமே, 1958-ல, ஸ்வீடன்ல கெம்செல் இறந்த மனுஷங்களோட பிட்யூட்டரி சாறால பெண்களுக்குக் கருமுட்டை வெளிவர வெச்சார்.

மீனும் மனுஷியும் ஒண்ணான்னு கேக்காதீங்க. லாம்ப்ரேன்னு தாடையே இல்லாத ஒரு மீன், உறிஞ்சுற வாய்தான். அந்தப் பரம்பரைக்கு 36 கோடி வருஷப் பழசான புதைபடிவம் இருக்கு. வாழ்நாள்ல ஒரே தடவை ஆத்துல ஏறி முட்டை போட்டுட்டு செத்துடும். அதுக்கும் பிட்யூட்டரி உண்டு, அதைத் தூண்டுற மூளை ஹார்மோனும் உண்டு. சங்கிலி அவ்வளவு பழசு.

இப்போ சுரப்பிக்குப் பதிலா ரெடிமேட் ஊசி. அதுல பலதுல மூளை ஹார்மோனோட நகல் கூட டோம்பெரிடோன். ஆமா, நான் வாந்திக்கு எழுதிக் கொடுக்கிற அதே மருந்து! கெண்டையில டோபமின் பிட்யூட்டரியை அமுக்கி வெச்சிருக்கும், இது அந்தப் பிடியை விலக்கும்.

இப்போ அந்த அம்மாவோட கேள்விக்கு வரேன். ஊசி தாய், தகப்பன் மீனுக்கு மட்டும், முட்டைக்குச் சில மணி நேரம் முன்னாடி. உங்க தட்டுல இருக்கிறது அதோட பிள்ளை. முட்டையில இருந்து வந்து, குளத்துல மாசக்கணக்கா தீனி தின்னு வளர்ந்தது. சுரப்பிச் சாறே வயித்துக்குள்ள போனாலும் அது புரதம், செரிச்சுடும். அதனாலதான் இன்சுலினை இன்னும் ஊசியா குத்திக்கிறோம்.

எட்டு வயசுக்கு முன்னாடியே மார்பு வளர்ச்சி தெரிஞ்சா குழந்தையை டாக்டர்கிட்ட காட்டுங்க, மீனைத் திட்டாதீங்க. இந்தப் பாப்பாவைப் பரிசோதிச்சேன், எல்லாம் வயசுக்கேத்த மாதிரிதான். அம்மா கிளம்பும்போது கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "அப்போ குழம்பா, வறுவலா டாக்டர்?" குழம்புன்னு சொன்னேன். பாப்பாவுக்கு வறுவல்தான் வேணுமாம்.