சாட்சி நேரத்தில் எழாதவர்கள்

சபைகளின் சிறப்பு மலர்களைப் புரட்டினால் சாட்சிகளுக்குப் பஞ்சமிருக்காது. மருத்துவர் கைவிட்ட நோயாளி எழுந்து நடந்தார். பிள்ளையில்லாத வீட்டில் தொட்டில் ஆடியது. கடன் தீர்ந்தது, வேலை கிடைத்தது. எல்லாம் மெய்யான நன்றிகள். ஒன்றையும் நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அதே ஆலயத்தில், அதே உபவாசக் கூட்டத்தில், அதே கண்ணீரோடு கேட்டும் பெறாதவர்கள் இருக்கிறார்கள். சாட்சி நேரம் வந்தால் அவர்கள் எழுவதில்லை. இந்த மலரில் சில பக்கங்களாவது அவர்களுக்கு உரியவை என்று நினைக்கிறேன்.

ஏமி கார்மைக்கேல் அம்மையாரை நெல்லைச் சீமைக் கிறிஸ்தவர்களுக்கு அறிமுகம் செய்யவேண்டியதில்லை. 1867இல் வட அயர்லாந்தின் கடலோரச் சிற்றூரான மில்லைலில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது, பழுப்புநிறக் கண்களை நீலமாக்கித் தரும்படி ஜெபித்துவிட்டுப் படுத்தார். விடிந்ததும் கண்ணாடிமுன் ஓடினார். கண்கள் பழுப்பாகவே இருந்தன. பின்னாளில் சேலை உடுத்தி, முகத்துக்கும் கைக்கும் நிறமேற்றி, கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்ட சிறுமிகளின் நிலையை அறியச் சென்றபோது அந்தப் பழுப்புக் கண்களே அவரைக் காட்டிக்கொடுக்காமல் காத்தன. ஞாயிறு பள்ளியில் நாம் விரும்பிச் சொல்லும் கதை இது. விடை கிடைக்காத ஜெபத்துக்குக் காரணம் பிறகு தெரிந்துவிடுகிறதல்லவா, அதனால்தான் விரும்பிச் சொல்கிறோம். காரணம் கடைசிவரை தெரியாமற்போன பகுதி ஒன்றும் அவர் வாழ்வில் உண்டு. அதைப் பிள்ளைகளுக்கும் சொல்வதில்லை, பெரியவர்களுக்கும் அதிகம் சொல்வதில்லை.

1931 அக்டோபர் 24. தம்மை எப்படியாகிலும் ஊழியத்துக்குத் தகுதிப்படுத்தும்படி அன்று காலை ஜெபித்திருந்தார். மாலையில், பெண் ஊழியர்களுக்காக அமர்த்தியிருந்த வீட்டைப் பார்க்கக் களக்காட்டுக்குப் போனார். இருட்டும் நேரம். கழிப்பறைக்காக இடம் மாற்றித் தோண்டியிருந்த குழி கண்ணில் படவில்லை. விழுந்ததில் கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது. நெய்யூர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அப்போது அவருக்கு வயது 63. கொஞ்ச நாளில் எழுந்து நடமாடுவார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். டோனாவூரில் அவர் உருவாக்கிய குடும்பம் முழுவதும் அதற்காக ஜெபித்தது. முறிவு ஒருவாறு கூடியது, வலியோ தங்கிவிட்டது. மூட்டுகளில், முதுகில், இரவெல்லாம் தூக்கமில்லாமல். 1948இல் அறைக்குள்ளேயே மறுபடி விழுந்தார். 1951 ஜனவரி 18 அன்று அவர் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள், பெரும்பாலும் அந்த ஓர் அறைதான் அவருக்கு உலகம்.

அந்த அறையில் அவர் செய்ததைக் கவனிக்கவேண்டும். நலமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதும் ஆறுதல்கள் தம்மைத் தொடவில்லை என்று கண்டார். ஆகவே நோயாளியே நோயாளிகளுக்கு எழுதும் கடிதங்களாக ஒரு நூலை எழுதினார். 1933இல் அது வெளிவந்தது. சுகம் கேட்டதை அவர் மறைக்கவில்லை, கிடைக்காததையும் மறைக்கவில்லை. ஜெபத்தை விடவும் இல்லை. இந்த மூன்றையும் ஒருசேர வைத்திருப்பது எளிதன்று. கேட்டதையே மறந்தவர்போல் நடந்துகொள்ளலாம், கிடைத்துவிட்டதாகவே பேசலாம், அல்லது மனம் கசந்து விலகலாம். மூன்று வழிகளும் திறந்துதான் இருந்தன.

அதே படுக்கையில் இன்னொரு ஜெபத்துக்கும் அவர் காத்திருந்தார். 1901 மார்ச்சில் பிரீனா என்ற சிறுமி கோயில் வீட்டிலிருந்து தப்பிப் பண்ணைவிளையில் இருந்த அவரிடம் வந்து சேர்ந்த நாள்முதல், சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கம் ஒழியவேண்டும் என்று கேட்டுவந்த ஜெபம் அது. 1927இல் சென்னைச் சட்டமன்றத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதற்கான தீர்மானத்தைக் கொண்டுவந்தார். நேர்ந்துவிடும் வழக்கத்தைத் தடைசெய்யும் சட்டம் 1947இல் வந்தது. ஏமி அப்போது எண்பதை எட்டிக்கொண்டிருந்தார். சட்டத்துக்காகப் போராடியவர் நம் சபையைச் சேர்ந்தவரல்லர் என்பதை இங்கே நன்றியோடு சொல்லவேண்டும். ஆண்டவருடைய கை நம் எல்லைக்குள் அடங்குவதில்லை. இதைச் சொல்லி அந்த அம்மையாரின் வலிக்குக் கணக்கு நேர்செய்ய நான் முற்படவில்லை. சட்டம் வந்தது, முதுகுவலி போகவில்லை.

வேதாகமமும் இப்படிக் கணக்கு நேர்செய்வதில்லை. 88ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்வோம். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்கோ துதிக்கோ திரும்பிவிடும்; இது திரும்புவதில்லை. இரவும் பகலும் கூப்பிடுகிறேன் என்று தொடங்கியவர், சிநேகிதரும் தூரமாகி இருளில் நிற்பதாக முடிக்கிறார். பாட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. அதைத் தொகுத்தவர்கள் ஆறுதலாக ஒரு வசனத்தை ஒட்டிவைத்திருக்கலாம், செய்யவில்லை. பழைய ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம் அதைப் பெரிய வெள்ளிக்கிழமை மாலை ஆராதனைக்கு வைத்திருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் இரவு மன்றாட்டில் அது வெள்ளிக்கிழமைக்கு உரியது. விடை வராத ஜெபத்தையும் ஜெபமாகவே ஏற்று, சபை தன் வாயில் வைத்துக்கொண்டது.

கெத்செமனேயில் ஆண்டவர் மூன்றாம் தரமும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். ஒரே விண்ணப்பத்தைத் திரும்பக் கேட்பது விசுவாசக் குறைவு என்று போதிப்பவர்கள் அந்த வசனத்தின்முன் சற்று நிற்கவேண்டும். பவுலும் தம் முள்ளுக்காக மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். கிருபை கிடைத்தது, முள் நீங்கவில்லை. இவை நாம் அடிக்கடி கேட்கும் பகுதிகள். எனக்கு ஆழமாகத் தோன்றுவது எபிரெயர் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தின் ஏழாம் வசனம். மரணத்தினின்று இரட்சிக்க வல்லவரை நோக்கிக் கண்ணீரோடு ஜெபித்த குமாரன் கேட்கப்பட்டார் என்று அது துணிந்து சொல்கிறது. எழுதியவருக்குச் சிலுவை தெரியும். எழுதப்பட்ட சபைக்கும் தெரியும். பாத்திரம் நீங்கவில்லை, ஆனாலும் பிதா கேட்டார். கேட்கப்படுவதும் கேட்டது கிடைப்பதும் வெவ்வேறு என்று அந்த நிருபம் நம்மை ஏற்கச் செய்கிறது. அதே நிருபத்தின் பதினோராம் அதிகாரம் விசுவாச வீரர்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, இவர்களெல்லாரும் வாக்குத்தத்தம் கைக்கு எட்டாமலே மரித்தார்கள் என்கிறது. விசுவாசம் குறைந்தவர்கள் என்று அவர்களை யார் சொல்வார்?

நாம் சொல்லிவிடுகிறோம், அதுதான் வேதனை. எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் விண்ணப்பச் சீட்டுகளை வாசிப்பது வழக்கம். புதிய பெயர் வந்தால் எல்லாரும் குரலெழுப்பி ஜெபிப்பார்கள். அதே பெயர் மாதக்கணக்கில் வந்தால் குரல் தணியும். வருடம் திரும்புவதற்குள் எழுதியவரே எழுதுவதை விட்டுவிடுவார். டயாலிசிஸில் இருந்த கணவனுக்காகச் சீட்டு எழுதிவந்த ஒரு சகோதரியிடம், வீட்டில் அறிக்கையிடாத பாவம் ஏதும் உண்டா என்று ஒருவர் கேட்டதை என் காதால் கேட்டேன். கேட்டவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. யோபுவின் நண்பர்களுக்கும் கெட்ட எண்ணம் இருந்ததில்லை. ஆனாலும் முடிவில் ஆண்டவருடைய கோபம் அவர்கள்மேல்தான் மூண்டது, முறையிட்ட யோபுவின்மேல் அன்று. அந்தச் சகோதரி அதன்பின் கூட்டத்துக்கு வரவில்லை.

விடாமல் ஜெபிப்பதை நாம் தனி மனிதரின் உறுதியாகவே போதித்துவிட்டோம். லூக்கா பதினெட்டாம் அதிகாரத்து விதவை தனியாகத்தான் நின்றாள், உண்மை. அவளுக்குத் துணையாக வர அந்தப் பட்டணத்தில் ஒருவரும் இல்லை. சபையில் இருக்கிற விதவைக்கு அந்த நிலை வரக்கூடாது. எழுதிய கை ஓய்ந்துபோனால் பக்கத்து வீட்டார் அந்தச் சீட்டை எழுதிப் போடலாம். பழைய பெயர்களைப் பட்டியலிலிருந்து எடுக்காமல் வைத்திருக்கும் பொறுப்பைச் சேகரக் குழுவில் ஒருவர் ஏற்கலாம். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை 88ஆம் சங்கீதத்தைக் கடைசி வசனம்வரை வாசிக்கலாம். முடிந்த உடனே துதிப்பாட்டைத் தொடங்கிவிடாமல், அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, போன மாதம் கேட்டதையே மறுபடியும் கேட்கலாம்.