தாமதமாய்ப் பறக்கக் கற்ற இறக்கை

1896 ஆகஸ்ட் 9 அன்று, ஜெர்மனியில் ஓட்டோ லிலியந்தால் பறந்துகொண்டிருந்த கிளைடர் நடுவானில் தூக்குவிசையை இழந்து வீழ்ந்தது. மறுநாள் அவர் உயிர்நீத்தார். ‘ஸ்டால்’ என்றதும் எஞ்சின் நின்றுபோவதாகப் பலர் எண்ணுகின்றனர். லிலியந்தாலின் கிளைடரில் எஞ்சினே கிடையாது. நின்றுபோவது எஞ்சினன்று, இறக்கையின் மேற்பரப்பைத் தழுவிச் செல்லும் காற்றோட்டம். எதிர்க்காற்றுக்கும் இறக்கைக்கும் இடைப்பட்ட கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால், அக்காற்று பரப்பை விட்டுப் பிரிந்துவிடுகிறது.

தரையிறக்கத்தில் இந்த ஆபத்து ஏன் கூடுகிறது? கோணம் மாறாதபோது, தூக்குவிசை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். வேகம் பாதியானால் விசை கால்பங்காகும். அதை ஈடுசெய்ய விமானி மூக்கை உயர்த்த வேண்டும். உயர்த்த உயர்த்த அந்த எல்லை நெருங்கும். தரையோ மிக அருகில். தவறினால் மீள உயரமில்லை.

1917இல் இத்தகைய விபத்தில் சிக்கிய ஜெர்மானிய விமானி குஸ்டாவ் லாக்மன், மருத்துவமனைப் படுக்கையில் ஒரு தீர்வைக் கண்டார்: இறக்கையில் இடைவெளி விட்டால், அதன்வழிப் பாயும் காற்று மேற்பரப்பின் ஓட்டத்தைப் பிரியாமல் காக்கும். இங்கிலாந்தில் ஃப்ரெடரிக் ஹேண்ட்லி பேஜும் தனித்து அதே முடிவை எட்டியிருந்தார். போரில் எதிரெதிர் அணியில் நின்ற இருவரும் பின்னர் உரிமையில் உடன்பாடு கண்டனர். லாக்மன் பேஜின் நிறுவனத்திலேயே பணிபுரிந்தார்.

1930களில் வேகத்துக்காக இறக்கைகள் சிறுத்தன, எடை பெருகியது. அதனால் தரையிறங்கும் வேகமும் ஏறியது. பின்விளிம்பில் கீழ்நோக்கி மடங்கும் ஃப்ளாப் அப்போது இன்றியமையாததாயிற்று. ஹார்லன் ஃபௌலர் 1920களில் வடிவமைத்த ஃப்ளாப் பின்னோக்கி நகர்ந்து கீழிறங்கும். இறக்கையின் வளைவோடு பரப்பும் கூடும். 1937இல் பறந்த லாக்ஹீட் 14 விமானம் அதைப் பயன்படுத்தியது. அதே எடையைக் குறைந்த வேகத்தில் தாங்க முடிந்தது. கூடிய காற்றுத்தடையால், வேகம் ஏறாமலே கூடுதல் சரிவில் இறங்கவும் முடிந்தது.

ஆயினும் ஃப்ளாப் ஸ்டாலை ஒழிக்கவில்லை. அது நிகழும் வேகத்தைத் தாழ்த்தியது, அவ்வளவே. தரையிறக்கத்தைக் கைவிட்டு மீண்டும் மேலெழும் விமானி பதற்றத்தில் ஃப்ளாப்பை ஒரேயடியாக உள்ளிழுத்தால், பழைய எல்லை உடனே திரும்பிவிடும். ஒரு நொடி முன்பு பாதுகாப்பாயிருந்த வேகம் போதாததாகிவிடும். எனவேதான் முதலில் எஞ்சின் விசையைக் கூட்டி, பின்னர் படிப்படியாக ஃப்ளாப்பை உள்ளிழுக்கும் ஒழுங்கு விமானிகளுக்குக் கற்பிக்கப்படுகிறது. லிலியந்தாலை வீழ்த்திய விதி இன்றும் மாறவில்லை. அதனோடு எவ்வளவு நெருங்கிப் பறக்கலாம் என்பதே மாறியிருக்கிறது.